பதின்மூன்றாம் தேதி

இன்றும் பதின்மூன்றாம் தேதிதான்.
ஒன்பது நாளாகப் பதின்மூன்றாம் தேதி.
லுவார் ஆற்றங்கரையில்
வாடகைக்குப் பிடித்த மாளிகையில்
ஒரு ஜூலை இரவை
நவம்பர் பகல்களில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்,
ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி.
அரசி வேடமிட்ட இஸலின்
பிரம்புக் கூண்டுப் பாவாடைக்குள்
வெந்நீர்ப் பை வைத்திருக்கிறாள்.

என் வேலை சின்னது.
மெழுகுவர்த்திகளை அளப்பது.
போன ஷாட்டில் நான்கு விரற்கடை என்றால்
இந்த ஷாட்டிலும் நான்கு விரற்கடை.
உருகியதைப் பிடுங்கிவிட்டு
புதியதை நறுக்கி நடுவேன்.
அரசியின் இடது காதோரம் அவிழ்ந்த சுருள்,
பாதி கடித்த பீச் பழம்
(சிலேயிலிருந்து வந்தது, பெட்டிக்கு இருபது),
நாய் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தது,
எல்லாம் என் நோட்டில் உண்டு.
காலம் நகரவில்லை என்று
தினமும் கையெழுத்துப் போடுபவள் நான்.

காட்சி இவ்வளவுதான்:
சீட்டாட்ட மேசை.
வெள்ளித் தட்டில் பாரிஸிலிருந்து ஒரு கடிதம்.
பிரபு அதை எடுத்து
விளக்குத்தண்டின் அடியில் செருகிவிட்டு
"இப்போது யார் இறக்கம்?" என்பார்.
இருபத்து மூன்று முறை கேட்டுவிட்டார்.

இயக்குநர் திபோ கத்துவதில்லை.
அருகில் வந்து காதோடு சொல்வார்:
"நாளை என்னவென்று உங்களுக்குத் தெரியாது.
உங்கள் முகத்துக்கும் தெரியக் கூடாது."
நாற்பது துணை நடிகர்கள் தலையாட்டுவார்கள்.
பவுடர் உதிரும்.
ஆனால் பள்ளிக்கூடத்திலேயே படித்துத் தொலைத்தவர்கள்.
சீமாட்டியாக நிற்கும் கசாப்புக்கடைக்காரர் மகள்
கதவு திறக்கும்போதெல்லாம்
கழுத்தைத் தொட்டுக்கொள்கிறாள்.
அவளைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தினார்கள்.

ஒரு முகம் மட்டும் சரியாக இருந்தது.
ஆன்செல்ம் கொதார், ஐம்பத்து நான்கு வயது,
திரி வெட்டும் ஏவலாள்.
டயர் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம்.
மூடப்போகிறார்கள் என்றும்
பாதிப் பேரை வைத்துக்கொள்வார்கள் என்றும்
இரண்டு விதமாகப் பேச்சு.
யாருக்கு எது என்று
வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது.
அதைப் பிரிக்காமல் மடித்து
வெள்ளைப் பட்டுக் காலுறைக்குள் வைத்திருந்தார்.
இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன்.
சொல்லியிருக்கலாம். எழுதிக்கொண்டேன்:
வலது கால், ஆடுசதை, சதுரமாக ஒரு புடைப்பு.
எல்லா ஷாட்டிலும் இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் டீ வண்டியருகே கேட்டேன்.
"பிரிச்சா ரெண்டுல ஒண்ணுதானே," என்றார்.
"பிரிக்காட்டி ரெண்டும் இருக்கு."
பிறகு ரகசியம்போல,
"இங்க நாளுக்கு நூத்திப் பத்து யூரோ. சூப்பு வேற."

ஒன்பதாம் நாள். இருபத்து நான்காம் முறை.
அவர் திரியை வெட்டினார்.
புகை நேராக எழுந்தது.
யார் இறக்கம் என்றார் பிரபு.
அரசி சிரித்தாள்.
நாய்கூட சரியான இடத்தில் கொட்டாவி விட்டது.
"இதுதான்," என்றார் திபோ, கண் கலங்கி.
எல்லோரும் கைதட்ட
நான் நோட்டோடு முழங்காலிட்டேன்.

வலது காலுறை தட்டையாக இருந்தது.

எப்போது? சூப்பு வரிசையிலா?
நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.
நேற்றைய முகம்.
மூக்கு நுனியில் அதே பவுடர்.
கத்தரியை எந்த விரல்களில் பிடித்திருந்தாரோ
அதே விரல்களில் பிடித்திருந்தார்.
விளக்குத்தண்டின் அடியில்
படத்துக் கடிதம் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது.
அதற்குள் வெற்றுத்தாள்தான், நானே மடித்தது.

"ஒத்துப்போகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பதினேழு வருடத்தில் முதல் பொய்.
இல்லை, இரண்டாவது.

மாலை, அட்டவணையை ஒட்டினார்கள்.
நாளை: பதினான்காம் தேதி, காலை.
காலிக் கூடம். மெழுகுவர்த்திகள் அடிவரை எரியலாம்.
துணை நடிகர்கள்: தேவையில்லை.
நாய்: தேவை.

சொந்தச் சட்டைக்கு மாறியிருந்த ஆன்செல்ம்
விரலால் வரி வரியாகப் படித்துவிட்டு
என்னிடம் திரும்பினார்:
"நாய்க்கு எவ்வளவு தர்றாங்க?"